வீட்டுக் கணினியின் முறைமை மாற்றம்: தீர்மானம் யாருடையது?

கணினி என்னும் பொறி வன்பொருள், மென்பொருள் என்னும் இரு கூறுகளை உடையது. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பொறியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனைய செய்நிரல்களை நடத்திச் செல்வது பணிசெயல் முறைமை ஆகும். இயங்குதளம் எனவும் இதனை வழங்குவர். வீட்டுக்குக் கணினி வாங்குவோர் பெரும்பாலும் இம்முறைமையைத் தனியே தேர்ந்தெடுப்பதில்லை; பொறியுடன் கூடியே அது வந்துவிடுகின்றது. மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்து புதிய பதிப்பொன்று வெளிவரும்போதுதான் உள்ளதை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்னும் வினா எழுகின்றது. வினா சிறியதே. எனினும், அதற்கு விடை கூறும் உரிமை முப்பது ஆண்டுக் காலத்தில் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதை ஆராயுமிடத்து, பொருளை விலைகொடுத்து வாங்கியவருக்கும் அதனை ஆக்கியவருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு நீண்ட வழக்கின் வரலாறு புலனாகின்றது.

ஈண்டு மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் முறைமையே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. வீட்டுக் கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை அதனைக் கொண்டே இயங்கி வந்தமை இதற்குக் காரணம். அதன் முதற் பதிப்பு 1985 நவம்பர் 20 இல் வெளிவந்தது. அப்பதிப்பும், 1990 இல் வந்த 3.0 ஆம் பதிப்பும், 1992 இல் வந்த 3.1 ஆம் பதிப்பும் டொஸ் என்னும் பழைய முறைமையின்மேற் போர்த்த போர்வை போன்றனவே. விண்டோசை விரும்பாதவர் அதனை விடுத்து டொஸ் முறைமையிலேயே கடிதம் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். பழையதில் நின்றவரை யாரும் வற்புறுத்தினாரல்லர். வற்புறுத்துதற்கு வழியும் இருக்கவில்லை. வீட்டுப் பொறி இணையத்தோடு பிணைக்கப்படாத காலம் அது. வீட்டுக்காரரே நெகிழ்வட்டுக்களை விலைக்கு வாங்கி வந்து பொறியில் இட்டாலன்றி, ஆக்கியோர் கை வீட்டுக்குள் நுழைய இயலாது.

1995 ஓகஸ்ட் 24 இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது இவ்வினா முதன்முறையாகப் பொதுமக்கள் பேச்சாயிற்று. ஒரு மென்பொருளுக்காக மக்கள் நள்ளிரவிற் கடைவாயிலில் வரிசையில் நின்றமை அதற்குமுன் பெரிதும் கேள்விப்படாத செய்தி. நியூயோர்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் அம்முறைமையின் நிறங்களால் ஒளியூட்டப்பட்டது. முதல் ஐந்து வாரங்களில் எழுபது இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. இவ்வாரவாரத்தினூடே வீட்டுக்காரர் போட்ட கணக்கு வேறு. எட்டு எழுத்துக்குள் கோப்புக்குப் பெயரிட்டு வருந்தியவர் இனி முழுப் பெயரும் எழுதலாம். ஒரே நேரத்தில் பல செய்நிரல்களை நடத்தலாம். இவை மெய்யான நயங்கள். ஆனால் நிறுவனம் அறிவித்த குறைந்தபட்சத் தேவை 386 வகை முறைவழியாக்கி, 4 மெகாபைட் நினைவகம், வன்றட்டில் ஏறத்தாழ 50 மெகாபைட் இடம் என்பனவாகும். அந்த 4 மெகாபைட்டோடு முறைமையை ஏற்றியவர் அஃது ஊர்ந்து செல்வதைக் கண்டார். 8 மெகாபைட் இருந்தாலே அது செவ்வனே இயங்கிற்று. நினைவகமோ அந்நாளில் விலைமிக்க பொருள். ஆகவே, ஏறத்தாழ நூறு டொலர் கொடுத்துத் தரமுயர்த்தற் பதிப்பை வாங்கியவர் நினைவகத்திற்கு வேறொரு தொகை கொடுக்க வேண்டியவரானார். அறிவித்த தேவைக்கும் உண்மைத் தேவைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு பின்னரும் தொடர்ந்தது. ஒருமுறை நீதிமன்றம் வரையுஞ் சென்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1998 யூன் 25 இல் வந்த விண்டோஸ் 98, 2000 செப்ரெம்பரில் வந்த விண்டோஸ் மீ என்பன பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டும் டொஸ் வழியில் வந்தவை. அலுவலகங்களுக்கென இயற்றப்பட்ட என்.ரி. என்னும் உறுதிமிக்க வேறொரு வழி இருந்தது. அவ்வழியில் 2000 பெப்ரவரி 17 இல் விண்டோஸ் 2000 வெளிவந்தது. இவ்விரு வழிகளும் 2001 ஒக்டோபர் 25 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பதிப்பில் ஒன்றாயின. அடிக்கடி செயலிழந்து நின்ற 98, மீ ஆகியவற்றைப் பொறுத்து வாழ்ந்த வீடுகளுக்கு அலுவலகத்தின் உறுதி கிட்டியது இப்பதிப்பினாலேயாம்.

தமிழ் வழங்கும் வீடுகளுக்கு இம்மாற்றத்திற் பிறிதொரு பயனும் இருந்தது. ஆங்கிலச் சஞ்சிகைகள் கூறிய நயங்களுள் அதனைத் தேடினால் அகப்படாது. 1990 களில் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பாமினி முதலிய எழுத்துருக்களால் நடைபெற்றது. அவற்றில் உரோம எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துக்களின் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் அக்கடிதத்தைத் திறந்தால் பொருளற்ற உரோம எழுத்துக் குவியலே தோன்றும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றதாயினும், அதனைக் காட்டுதற்குரிய ஆற்றல் வீட்டுக் கணினிக்கு இருக்கவில்லை. யூனிகோட் முறையில் மெய்யெழுத்துக் குறியே முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படுதலின், கொம்பை இடப்புறம் கொண்டுவந்து காட்டும் வேலை முறைமையைச் சார்ந்தது. விண்டோஸ் வரிசையில் தமிழுக்கு அவ்வசதியை முதலிற் கொண்டு வந்தது விண்டோஸ் 2000; லதா என்னும் எழுத்துரு அதனுடன் வந்தது. எக்ஸ்பியில் அவ்வசதி வட்டிலே இருந்தது; ஆயினும் மொழித் தெரிவுப் பகுதியிற் குறியிட்டு அதனை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இது பலருக்குத் தெரியாமற் போனமையால், எக்ஸ்பி உள்ள வீட்டிலும் இணையத்துத் தமிழ் வெறுங் கட்டங்களாகத் தோன்றியதுண்டு. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதனை இடரின்றி வாசிக்க விரும்பியவருக்கு விண்டோஸ் 98 போதவில்லை. ஒரு முறைமை மாற்றத்தை எவ்வித ஐயமுமின்றி நியாயம் எனக் கூறத்தக்க இடங்கள் இவ்வரலாற்றிற் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

அதே எக்ஸ்பிதான் ஆக்கியோர் கையை வீட்டுக்குள் முதன்முதல் நீட்டிற்று. வாங்கிய பிரதியை நிறுவனத்துடன் தொடர்புகொண்டு செயற்படுத்திக்கொள்ள வேண்டும் என்னும் விதி அதனுடன் வந்தது. பொறியின் உறுப்புக்கள் பலவற்றை ஒருங்கே மாற்றினால் மீண்டும் அனுமதி பெறவேண்டும். புத்தகம் ஒன்றை வாங்கியவர் அதனை வேறு மேசையில் வைத்து வாசிக்கப் பதிப்பாளரிடம் சொல்லவேண்டும் என்றால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருந்தது இது. கள்ளப் பிரதிகள் மலிந்திருந்தன என்பதும் மறுக்கற்பாலதன்று.

இனி, அச்சத்தின் காலம். 2003 யூலை 16 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒரு குறைபாட்டிற்குத் திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதங்கூடக் கழியாமுன், ஓகஸ்ட் 11 அளவில், பிளாஸ்டர் என்னும் புழு அக்குறைபாட்டின் வழியே எக்ஸ்பி, 2000 ஆகிய பொறிகளுட் புகுந்து பரவிற்று. இணையத்தோடு இணைத்தவுடனேயே கணினி தானாக நின்று மீண்டும் தொடங்கும் கொடுமையை வீட்டார் கண்டனர். திருத்தத்தை ஏற்றிக்கொண்டோர் தப்பினர். இந்நிகழ்ச்சியின் பின் 2004 ஓகஸ்டில் எக்ஸ்பிக்கு இரண்டாம் சேவைத்தொகுதி இலவசமாக வழங்கப்பட்டது. தீச்சுவர் அதில் இயல்பாகவே இயங்குமாறு செய்யப்பட்டிருந்தது. இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். உள்ள முறைமையின் ஓட்டையை அடைப்பது இற்றைப்படுத்தல்; முறைமையையே மாற்றுவது தரமுயர்த்தல். முன்னையது கூரை வேய்தல் போன்றது. பின்னையது வேறு வீடு கட்டுதல் போன்றது. பிற்காலத்து விளம்பரங்களும் அறிவிப்புக்களும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுமாறு மக்களைப் பழக்கின. அதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. கூரை வேயச் சொன்னபோதும் வீட்டை இடிக்கச் சொல்கின்றார்கள் என ஐயுற்று இரண்டையும் மறுத்தோர் பலராயினர்.

2007 சனவரி 30 இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் கதை தனித்து நோக்கத்தக்கது. வீட்டார் ஒருமித்து மறுத்தமையால் ஆக்கியோர் தம் போக்கை மாற்றிய நிகழ்ச்சி இவ்வரலாற்றில் இதுபோற் பிறிதொன்று இல்லை. அம்முறைமைக்குக் குறைந்தது 512 மெகாபைட் நினைவகம் வேண்டும் என்றனர். கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தைக் காட்டும் பதிப்பிற்கு ஒரு கிகாபைட்டும், 128 மெகாபைட் வரைகலை நினைவகமும் வேண்டும் என்றனர். நன்றாக இயங்கி வந்த அச்சுப்பொறியும் படம் வாங்கும் கருவியும் விஸ்டாவுக்குரிய இயக்கி மென்பொருள் இன்மையால் வீட்டில் வீணே கிடந்தன. ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி வேண்டும் எனக் கேட்கும் சிறு சாளரம் மக்களை அலுக்கச் செய்தது. அதன் நோக்கம் நன்று. நடைமுறையோ, வாசியாமலே சம்மதம் என அழுத்தும் பழக்கத்தைக் கற்பித்ததேயாம்.

விஸ்டா வருமுன்னரே கடைகளில் விற்ற கணினிகளில் அதனை இயக்கவல்லது என்னும் பொருள்பட ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அவற்றுட் சில மிகக் குறைந்த பதிப்பை மட்டுமே இயக்க வல்லவை. வாங்கியோர் அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றத்தில் 2007 இல் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கின் வாயிலாக 2008 இல் நிறுவனத்தின் உள்ளகக் கடிதங்கள் வெளிவந்தன. தாம் இரண்டாயிரம் டொலருக்கு மேற் கொடுத்து வாங்கிய பொறி மின்னஞ்சல் பார்க்கவே உதவுகின்றது என நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே அதில் முறையிட்டிருந்தார். 2009 இல் நீதிபதி அவ்வழக்கைக் கூட்டு வழக்காக நடத்துதற்கு அளித்த இசைவை மீளப்பெற்றார். சட்டத்தின்படி வாங்கியோர் வென்றாரல்லர். எனினும் சந்தையில் வென்றனர் எனலாம். டெல் நிறுவனம் 2007 ஏப்ரிலிலேயே எக்ஸ்பியுடன் கூடிய வீட்டுக் கணினிகளை மீண்டும் விற்கத் தொடங்கியது. மலிவான சிறு மடிக்கணினிகள் தோன்றியபோது அவற்றில் விஸ்டா இயங்காது என்பது வெளிப்படையாயிற்று. லினக்ஸ் அவ்விடத்தைப் பிடித்துவிடும் என்னும் நிலையில், 2008 யூன் 30 உடன் பொது விற்பனையினின்றும் நீக்கப்பட்ட எக்ஸ்பியை அச்சிறு கணினிகளுக்கு மாத்திரம் மேலுஞ் சில காலம் வழங்க நிறுவனம் இசைந்தது. 2009 ஒக்டோபர் 22 இல் வெளிவந்த விண்டோஸ் 7, விஸ்டாவின் வழியிலேயே அமைந்து அதன் சுமை குறைக்கப்பட்ட பதிப்பாகும். மாற்றாது காத்திருந்த வீட்டார் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் நல்லதொன்றைப் பெற்றனர். ஆனால் எக்ஸ்பியிலிருந்து 7 இற்கு நேரே செல்ல வழி வைக்கப்படவில்லை. கோப்புக்களைப் படியெடுத்து வைத்துவிட்டு முறைமையைப் புதிதாக நிறுவி, செய்நிரல்களை ஒவ்வொன்றாக மீள ஏற்ற வேண்டும். பொறிகளைத் திருத்துவோர் பலருக்கு இவ்வேலை நெடுநாட் பிழைப்பாயிற்று.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரில் 8 உடன் நிறுத்தப்பட்டன. பன்னிரண்டரை ஆண்டு வாழ்ந்த முறைமை அது. 2017 மே 12 இல் வோனாக்கிரை என்னும் பணயப் புழு உலகிற் பரவியபோது, எக்ஸ்பியை மாற்றாதவர்களாலேயே இக்கேடு நேர்ந்தது என்னும் பேச்சு எங்கும் எழுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பொறிகள் தாக்குண்டன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 236 நிருவாகப் பிரிவுகளுள் 80 ஆயினும் இடருற்றன. பழிக்கு ஆளானதோ எக்ஸ்பி. ஆனால் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் வேறு கூறின. தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 இயங்கிய பொறிகள். அஃது அக்காலத்தில் முழு ஆதரவும் உள்ள முறைமை. அதற்குரிய திருத்தம் மார்ச் 14 இலேயே வழங்கப்பட்டிருந்தது. இரண்டு மாதமாகியும் அதனை ஏற்றிக்கொள்ளாதவரே பெரிதும் அகப்பட்டனர். எக்ஸ்பிப் பொறிகளிற் பல புழுவைப் பரப்புமுன் தாமே செயலிழந்து நின்றன. தரமுயர்த்தியும் இற்றைப்படுத்தாதவர் கெட்டனர் என்பதே இந்நிகழ்ச்சி காட்டிய செய்தி. நிறுவனமும் அந்நாட்களில், நிறுத்திவிட்டதாகக் கூறிய எக்ஸ்பிக்கு மீண்டும் ஒரு திருத்தம் வழங்கியது. ஆதரவு முடியும் நாள் என்பது இயற்கை விதித்த இறப்பு நாளன்று. நிறுவனம் குறித்த நாளே என்பது இதனால் விளங்கும்.

2012 ஒக்டோபர் 26 இல் வந்த விண்டோஸ் 8 தொடுதிரையை எண்ணி ஆக்கப்பட்டது. தொடுதிரை இல்லாத வீடுகளில் தொடக்கப் பொத்தானைக் காணாது மக்கள் திகைத்தனர். 7 இல் இருந்தவர்கள் அங்கேயே இருந்துவிட்டனர்.

அவர்களை அசைக்கவே 2015 யூலை 29 இல் விண்டோஸ் 10 இலவசமாக வழங்கப்பட்டது எனலாம். ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்குரிய முறைமையை 2013 ஒக்டோபர் முதலே விலையின்றி வழங்கத் தொடங்கியிருந்தது. இனி விலை ஒரு தடையன்று. ஓராண்டுக்குள் ஏற்றுக்கொள்வோர் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் விலை நீங்கியபோது மறுக்கும் உரிமையும் உடன் நீங்கத் தொடங்கியது. விலை கொடுக்க வேண்டிய பொருளை வாங்காமலிருத்தல் எளிது. இலவசமாகக் கதவருகே வந்து நிற்பதைத் திருப்பியனுப்புதலே அரிது. 7, 8.1 ஆகிய பொறிகளில் அறிவிப்புச் சாளரம் ஓயாது தோன்றிற்று. சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற்குறியை அழுத்தினால் வேண்டாம் என்பது இருபதாண்டுப் பழக்கம். 2016 மே மாதத்து அறிவிப்பிலோ, குறித்த நேரத்து மாற்றத்திற்கு இசைந்ததாகவே அது கொள்ளப்பட்டது. காலையில் எழுந்தவர் தம் கணினி வேறாக இருக்கக் கண்டார். கண்டனம் எழுந்தபின் யூன் மாத இறுதியில் அப்பொருள் மாற்றப்பட்டது. கலிபோர்னியாவில், தாம் வேண்டாத மாற்றத்தால் தம் தொழிற் கணினி கெட்டது என வழக்காடிய ஒருவருக்குப் பத்தாயிரம் டொலர் தீர்ப்பாயிற்று. நிறுவனம் மேன்முறையீட்டைக் கைவிட்டு அதனைக் கொடுத்தது.

விண்டோஸ் 10 இன் வீட்டுப் பதிப்பில் இற்றைப்படுத்தல்களை மறுக்கவும் வழி வைக்கப்படவில்லை. புழுக்களின் வரலாற்றை அறிந்தோர் இதன் நியாயத்தை உணர்வர். எனினும் 2018 ஒக்டோபரில் வெளியான தொகுதி சிலரது ஆவணங்களையே அழித்துவிட்டது. உடனே நிறுத்தப்பட்ட அது நவம்பரில் மீண்டும் வெளிவந்தது. கட்டாயத்தை விதிப்பவர் பிழையின்மைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் குரல் இதன்பின் வலுத்தது. 2019 மே மாதத்துத் தொகுதியில் வீட்டாரும் ஒரு முறைக்கு ஏழு நாளாக முப்பத்தைந்து நாள் வரை ஒத்திவைக்க இடமளிக்கப்பட்டது. இழந்த உரிமையுள் மீண்டது அவ்வளவே.

விண்டோஸ் 10 இறுதிப் பதிப்பு என அந்நிறுவனத்து அலுவலர் ஒருவர் 2015 இல் மேடையிற் கூறியிருந்தார். 2021 ஒக்டோபர் 5 இல் விண்டோஸ் 11 வெளிவந்தது. இப்போது வினாவே தலைகீழாயிற்று. அதுகாறும் வீட்டார் புதிய முறைமையை ஏற்பதா என ஆராய்ந்தனர். இனிப் புதிய முறைமை வீட்டாரின் பொறியை ஏற்குமா என்பதே வினா. ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்ரெல் வகையாயின் பெரும்பாலும் 2017 இல் தோன்றிய எட்டாந் தலைமுறையோ அதன் பின்னதோ ஆன முறைவழியாக்கியும் வேண்டும் என விதிக்கப்பட்டது. நினைவகம் போதாதெனின் வாங்கிச் சேர்க்கலாம். முறைவழியாக்கி பழையதெனின் பெரும்பாலும் பொறியையே மாற்ற வேண்டும். களவையும் புழுவையும் தடுப்பதற்கு அக்கூறு உதவும் என்பது உண்மையே. ஆயினும் நான்கைந்து ஆண்டு மட்டும் பயன்பட்டு, எக்குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்த பொறிகளுக்கு இறுதி நாள் குறிக்கப்பட்டது என்பதும் உண்மையே. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியும் என அறிவிக்கப்பட்டது. அதனால் இருபத்து நான்கு கோடிக் கணினிகள் கழிவாகக்கூடும் எனச் சந்தை ஆய்வு நிறுவனமொன்று 2023 இற் கணித்தது.

இலங்கை வீடுகளில் இவ்வினா வேறொரு நெருக்கடியுடன் வந்து கூடிற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. கணினி முற்றும் இறக்குமதிப் பொருள். 2018 அளவில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு பொறியை வாங்கிய குடும்பம், அதே தரத்துப் பொறியை மீண்டும் வாங்க ரூபாவில் ஏறக்குறைய இருமடங்கு தேட வேண்டியதாயிற்று. அத்தகைய வீட்டிற்கு முறைமை மாற்றம் என்பது பொத்தானொன்றை அழுத்தும் வேலையன்று. பொறியையே மாற்றும் செலவு.

வேறு வழி இல்லாமலில்லை. பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. 2004 முதல் வெளிவரும் உபுண்டு முதலிய வடிவங்கள் வீட்டாரையும் எண்ணி ஆக்கப்பட்டவை. தன்னார்வலர் உழைப்பால் அவற்றுக்குத் தமிழ் இடைமுகமும் உண்டு. விண்டோஸ் 11 ஏற்க மறுத்த பொறிகளில் அது நன்கு இயங்கும். கடிதம் எழுதுதல், இணையம் பார்த்தல், பாடம் கேட்டல் ஆகிய பணிகளே உள்ள வீட்டிற்கு அது போதும். குறித்த ஒரு கணக்கீட்டு மென்பொருளோ, பழைய அச்சுப்பொறியோ இன்றியமையாததாயின், அவை லினக்சில் இயங்குமா என்பதை முதலில் வட்டிலிருந்தோ பேனாச் செருகியிலிருந்தோ இயக்கிப் பார்த்துக் கொள்ளலாம். உள்ளதை அழிக்க வேண்டுவதில்லை. புதியதை வாங்குமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் இவ்வசதி விண்டோஸ் வரலாற்றில் வீட்டாருக்கு இவ்வாறு கிடைத்ததன்று.

நிறுவனமும் ஓரளவு இறங்கி வந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் வழங்க இசைந்தது. அலுவலகங்களுக்கு முன்னரே இத்தகைய நீட்டிப்பு விற்கப்பட்டதுண்டு. வீட்டாருக்கு வழங்கியது இதுவே முதன்முறை. அதற்கு முப்பது டொலர் கொடுக்கலாம். அல்லது நிறுவனத்தின் பரிசுத் திட்டத்தில் ஈட்டிய ஆயிரம் புள்ளிகளைக் கொடுக்கலாம். அல்லது தம் கணினி அமைப்புக்களின் படியை நிறுவனத்தின் சேமிப்பகத்திற்கு அனுப்ப இசையலாம். ஐரோப்பிய பொருளாதார வலயத்து நுகர்வோர் அமைப்புக்கள் இதனை எதிர்த்தன. 2025 செப்ரெம்பரில், அவ்வலயத்து வீடுகளுக்குப் பணமும் படியும் கேளாது, நிறுவனத்துக் கணக்கொன்றில் உள்நுழைந்தாலே போதும் என விதி தளர்த்தப்பட்டது. வலயத்துக்குப் புறத்தேயுள்ள வீடுகளுக்கு முன் கூறிய மூன்றும் அவ்வாறே நின்றன.